வெளிச்சம் காணாமல் பிறந்த மலை

ஞாயிறு விடியலில் செரோக் தோக்குன் வனப் பூங்காவிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் (பி.எம்.) மலை ஏறும் தமிழ் நண்பர்களுக்கும், அவர்களோடு அரைத்தூக்கத்தில் இழுத்துவரப்படும் பிள்ளைகளுக்கும்,



நம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டையை முடித்துவைக்கலாம் என்று இதை எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற மாதிரி திறந்த மடலாக எழுதக் காரணம் உண்டு. அதே சண்டையை அடிவாரத்தில் பசியாறும் இடத்தில் வேறு குழுக்களும் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஓடையோரம் கிடக்கும் பெரிய உருண்டைப் பாறைகள் எங்கிருந்து வந்தன? இந்த மலை அணைந்துபோன எரிமலை, பாறைகள் அது கக்கியவை என்கிறது ஒரு கட்சி. பெருவெள்ளம் உருட்டிக்கொண்டு வந்தது என்கிறது இன்னொரு கட்சி. நம் அக்கா ஒருவர், "கடவுள் வைத்தார், பேசாமல் ஏறுங்கள்" என்று எழுதியிருந்தார். மூன்று தரப்பிலும் அவர் ஒருவரைத்தான் மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

மற்ற இரண்டையும் கல்லை வைத்தே தீர்த்துவிடலாம். அடுத்த முறை மூச்சு வாங்க உட்காரும்போது, பாசி படியாத, புதிதாக உடைந்த ஒரு முகத்தைத் தேடுங்கள். உச்சியிலுள்ள கோபுரத்துக்குப் போகும் தார்ச்சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் கிடைக்கும். கண்ணருகே வைத்துப் பார்த்தால் கல் ஒரே நிறமாக இருக்காது. பால்வெள்ளைக் கட்டிகள் ஃபெல்ஸ்பார். நிறமில்லாமல், சற்றே சாம்பல் படிந்து, கண்ணாடிப் பளபளப்போடு இருப்பது குவார்ட்ஸ். கறுப்பாக, பேனாக்கத்தி முனையால் நெம்பினால் ஏடேடாக உரிந்துவருவது மைக்கா. நம் பாட்டிமார் அதைக் காக்காப்பொன் என்பார்கள். மூன்றும் வெறுங்கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகின்றன அல்லவா, வழக்குக்கு அதுவே முதல் சாட்சி.

கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாட்சியம் உடனே புரியும். பாகில் நூலைக் கட்டி, அசைக்காமல், நாள்கணக்கில் ஆறவிட்டால் பெரிய கட்டிகள் விளையும். அதே பாகைச் சட்டென்று ஆற்றினால் குறுணிதான். பாறைக் குழம்புக்கும் இதே விதி. எரிமலை வாயிலிருந்து வெளியே கொட்டும் குழம்பு காற்றும் நீரும் பட்டு விரைவில் இறுகிவிடுகிறது. தாதுக்கள் வளர நேரம் இல்லை. கிடைப்பது கருத்த, நுண்மணிக் கல். குவாந்தான் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள பாசால்ட்டில் அதைப் பார்க்கலாம். தீபகற்பத்தில் எரிமலைக் குழம்பு வெளியே ஓடிய கடைசி இடங்களில் அது ஒன்று. அதன் வயது 20 லட்சம் ஆண்டுக்கும் குறைவு.

நம் மலையின் கல் அந்த இனம் இல்லை. இது கிரானைட். பல கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரிச் சூட்டில் கிடந்த குழம்பு, மேலே இருந்த பாறைகள் வெப்பத்தை எளிதில் வெளியே விடாததால், லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு இறுகியது. எல்லாம் ஒரே நேரத்தில் இறுகவும் இல்லை. இரும்பும் மக்னீசியமும் கொண்ட கறுப்பு மைக்கா முன்னதாக வந்தது, குவார்ட்ஸ் கடைசியாக வந்தது. நார்மன் போவன் என்ற கனடியர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் ஆய்வுக்கூட உலையில் கல்லை உருக்கி, ஆறவிட்டு, தாதுக்கள் உறையும் இந்த வரிசையைக் கண்டுபிடித்தார். உங்கள் கையிலுள்ள கல்லிலும் அது தெரியும். குவார்ட்ஸுக்கு இதில் சொந்த வடிவம் இருக்காது. மற்றவர்கள் உட்கார்ந்தபின் மிஞ்சிய இடுக்குகளில் அது புகுந்திருக்கும்.

ஆக எரிமலைக் கட்சி தோற்றது. இந்தக் கல் உறைந்தபோது வானத்தைப் பார்த்ததே இல்லை.

அவ்வளவு ஆழத்தில் குழம்பு ஏன் உண்டானது என்பது இன்னும் சுவையான கதை. இன்றைய மேற்கு மலேசியாவின் மேற்குப் பாதி, தாய்லாந்தின் ஒரு பகுதி, பர்மாவின் கிழக்கு எல்லாம் சேர்ந்த ஒரு நீண்ட நிலத்துண்டு முன்பு தெற்கே, கோண்டுவானா பெருங்கண்டத்தின் ஓரத்தில், ஆஸ்திரேலியாவை ஒட்டிக்கொண்டிருந்தது. புவியியலாளர்கள் அதைச் சிபுமாசு என்கிறார்கள். ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிய்த்துக்கொண்டு வடக்கே நகர்ந்தது. எதிரே இருந்த பழைய டெதிஸ் கடல் சுருங்கிச் சுருங்கி மூடிக்கொண்டது. துண்டு போய் இன்றைய கிழக்கு மலாயா இருக்கும் நிலத்தில் முட்டியது. முட்டிய தையல் பெந்தோங், ரவுப் வழியாகத் தீபகற்பத்தின் நடுவே ஓடுகிறது. அந்த முட்டலில் நிலத்தின் ஓடு மடிந்து, தடித்து, அடியில் உருகியது. உருகியதெல்லாம் 23 கோடிக்கும் 20 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆறி, தித்திவங்சா மலைத்தொடராகவும் பினாங்குக் கொடிமலையாகவும் நம் 545 மீட்டர் மலையாகவும் ஆனது.

தெற்கிலிருந்து வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பவர்கள் லங்காவிக்குப் போகலாம். அங்கே சிங்கா பெசார் தீவு வட்டாரத்தில், மெல்லிய சேறு இறுகிய கருத்த கல்லுக்குள் சம்பந்தமே இல்லாத கூழாங்கற்கள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். ஆறு கொண்டுவந்திருந்தால் மணலும் சரளையும் கூடவே வந்திருக்க வேண்டும். அமைதியான கடலடிச் சேற்றில் ஒற்றைக் கல் எப்படி விழும்? மிதந்துபோன பனிப்பாறை உருகியபோது, தான் சுமந்துவந்த கற்களைக் கீழே போட்டது. கப்பல் கப்பலாகச் சுற்றுலாப் பயணிகள் வெயில் காயப் போகிற தீவில், பனிக்கடலின் கையெழுத்து கிடக்கிறது.

தமிழ்நாடும் அதே கோண்டுவானாவில்தான் இருந்தது. நம் பாட்டன்மாரை ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஏற்றிப் பினாங்கில் இறக்குவதற்கு வெகுகாலம் முன்பே, இந்த மண்ணும் தெற்கிலிருந்து கடல் தாண்டி வந்து ஒட்டிக்கொண்டதுதான். இதைப் பிடித்துக்கொண்டு யாரும் மேடையேறிவிடாதீர்கள். 20 கோடி ஆண்டுக் கணக்குக்குக் கொள்ளுப்பாட்டன் சாட்சி எடுபடாது.

ஊர்க் கல்லைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டியது ஒன்று உண்டு. சென்னைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் நீலச்சாம்பல் நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கான பளபளப்போடு ஒரு கல் இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-இல் அந்த வகைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அது உருவான இடம் நம் கிரானைட்டின் பிறப்பிடத்தைவிட இன்னும் கீழே, 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், நீர்ப்பசை ஏறக்குறைய வற்றிப்போன ஓர் உலை. மைக்கா உண்டாக வேண்டுமானால் தாதுவுக்குள் நீர் நுழைய வேண்டும். நம் பி.எம். கல்லில் காக்காப்பொன் மினுங்குகிறது, பல்லாவரம் கல்லில் அது அரிது, அதற்குப் பதில் பைராக்சின் என்ற நீரில்லாத கருந்தாது. ஒரு கல் ஈரத்தில் பிறந்ததா வறட்சியில் பிறந்ததா என்பதை இவ்வளவு எளிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாட்டி கப்பலில் சுமந்துவந்த அம்மி இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால், கொல்லையில் போட்டு வைக்காமல் கொஞ்சம் கழுவி, அது எந்தக் கல் என்று பாருங்கள்.

இனி வெள்ளக் கட்சி. உருண்டையாக இருக்கிறது, ஆகவே உருண்டு வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலை வெட்டில் நின்று, சிவந்த மண்ணுக்குள் பாதி புதைந்திருக்கும் பாறைகளைப் பாருங்கள். அவையும் உருண்டைதான். மண்ணுக்குள் இருப்பவற்றை எந்த வெள்ளம் உருட்டியது?

நடந்தது வேறு. கிரானைட்டுக்கு மேலே கிடந்த பல கிலோமீட்டர் பாறையை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயின. பாரம் இறங்க இறங்க, அடியில் நசுங்கிக் கிடந்த கல் விரிந்து வெடிப்பு விட்டது. குறுக்கும் நெடுக்குமான வெடிப்புகள் கல்லைக் கட்டம் கட்டமாகப் பிரித்தன. காட்டு மழைநீர் காற்றிலிருந்தும் இலைமக்கிலிருந்தும் கரியமில வாயுவை ஏந்திக்கொண்டு வெடிப்புகளில் இறங்கியது. கட்டத்தின் ஒரு முகத்தை நீர் ஒரு பக்கமிருந்துதான் தாக்கும், விளிம்பை இரண்டு பக்கமிருந்து, மூலையை மூன்று பக்கமிருந்து. மூலைகள் முதலில் மண்ணாயின, நடு மிஞ்சியது. பிறகு சுற்றியிருந்த மண்ணை மழை கழுவிக்கொண்டு போக, உருண்டை வெளியே வந்தது. செங்குத்துச் சரிவில் சில பாறைகள் பின்னால் நழுவி ஓடைக்கு இறங்கியிருக்கும். அந்த மட்டுக்கு வெள்ளக் கட்சிக்கு அரைப் புள்ளி கொடுத்துவிடலாம்.

இப்படிப்பட்ட ஒரு கிரானைட் பாறையில்தான் செரோக் தோக்குன் கல்வெட்டு இருக்கிறது. ஜூலையில் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஆலய வளாகத்தில் அதைக் கடந்திருப்பீர்கள். ஜேம்ஸ் லோ என்ற படை அதிகாரி 1845-இல் அதைக் கண்டு எழுதினார். எழுத்து தென்னிந்தியச் சாயல், காலம் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டையொட்டி. நம்மவர்கள் அதைத் தமிழ்க் கல்வெட்டு என்று வெளியூர் விருந்தாளிகளிடம் அறிமுகம் செய்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மொழி சமஸ்கிருதம். பெருமைக்காக உண்மையைத் திருத்த வேண்டியதில்லை. அந்த எழுத்து இங்கே வந்து சேர்ந்ததே போதிய பெருமை.

என் வருத்தம் வேறொன்று. எழுத்தைப் பார்க்கிறோம், எழுதிய கல்லைப் பார்ப்பதில்லை. இதே லோ 1834-இல் செபராங் பிறை வடக்கில் இன்னொரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். மகாநாவிகன், அதாவது கப்பல் தலைவன், புத்தகுப்தனுடைய கல் அது, இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தூபியின் படமும் எழுத்துகளும் தெளிவாக நிற்கின்றன. காரணம், அது சிலேட்டு வகைப் பலகைக்கல். கடலடிக் களிமண் புதைந்து, பக்கவாட்டில் நசுங்கி, கண்ணுக்குத் தெரியாத மைக்கா ஏடுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கொண்டதால் பலகை பலகையாகப் பிளக்கும். மென்மையானது, கீறுவது எளிது, தூக்கிக்கொண்டும் போகலாம். செரோக் தோக்குன்காரருக்கு வாய்த்தது கிரானைட். எஃகைவிடக் கடினமான குவார்ட்ஸ் அதில் கலந்திருக்கிறது. ஒவ்வொரு மணியும் உளியை ஒவ்வொரு பக்கம் தள்ளும். அங்கே கோடுகள் ஆழமில்லாமல் மங்கியிருப்பதில் மழைக்கு மட்டுமில்லாமல் கல்லின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அதே கிரானைட்டில் சாயக் குப்பியால் தங்கள் பெயரையும் காதலி பெயரையும் எழுதிவைக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

மண்ணாகிப்போன மூலைகளை மறந்துவிட வேண்டாம். ஃபெல்ஸ்பார் அழுகினால் வெண்களிமண். மைக்காவின் இரும்பு துருப்பிடித்தால் அந்தச் சிவப்பு. குவார்ட்ஸ் அழுகாது, மணலாக உதிர்ந்து ஓடையில் இறங்கும். களியும் மணலும் கலந்த இந்தச் சிவந்த மண் நம் சரிவுகளில் பல மீட்டர் தடிமனாகக் கிடக்கிறது. கட்டுமானக்காரர்கள் "கல்மலைதானே, அசையாது" என்று சொல்லும்போது, வாங்கும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான். மலை கல், சரிவு மண். பினாங்கில் 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மலைநிலம் என்று வரையறுத்துக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் விதி இருக்கிறது. ஆயினும் 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் சரிவு இடிந்து 11 பேர் மாண்டார்கள், மறு ஆண்டு அதே மாதம் பாயா தெருபோங்கில் புக்கிட் கூக்குஸ் சாலைக் கட்டுமானத்தில் 9 பேர். பெரும்பாலும் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

மலையின் பிறப்புக்குத் திரும்புவோம். குழம்பு இறுகியபோது கடைசியில் மிஞ்சும் சாறு ஒன்று உண்டு. நீரும், மற்றத் தாதுக்களுக்குள் இடம் கிடைக்காத தனிமங்களும் அதில் சேரும். கொதிக்கும் அந்தச் சாறு பாறை வெடிப்புகளில் ஏறி, ஆறும்போது நரம்பு நரம்பாகப் படியும். அப்படிப் படிந்தவற்றில் ஒன்றுதான் ஈயக்கல், அதாவது வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட். மேற்கு மலாயாவின் பொருளாதாரமே அந்த நரம்புகளின் மேல் நின்றது. பக்கத்து ஊரான கூலிமில் 19-ஆம் நூற்றாண்டில் ஈய லம்பங்கள் இருந்தன. லாருட்டும் கிந்தாவும் உலகச் சந்தையை ஆட்டிவைத்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பட்டர்வொர்த்தில் உருக்காலை புகைந்தது.

லம்பக்காரர்கள் மலையில் நரம்பைத் துரத்தவில்லை, பள்ளத்தாக்கில் சேற்றை அலசினார்கள். இதற்கும் பிறப்பிடந்தான் காரணம். ஈயக்கல் அழுகாது. அதன் கனம் குவார்ட்ஸைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். மலை கரைந்தபோது மணலோடு ஆற்றில் இறங்கி, நீரோட்டம் தளரும் இடத்தில் மணலை முந்திக்கொண்டு அடியில் படிந்தது. பூமி செய்த அந்த அலசலைத்தான் பலோங்கும் டூலாங் தட்டும் மறுபடி செய்தன. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய ஐந்தாம் எண் தூர்க்கப்பலை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஈப்போ போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஈயத்தை எடுத்தபின் மிஞ்சும் கனத்த கறுப்பு மணலை இங்கே அமாங் என்பார்கள். இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் அதில் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இதே கூட்டாளிகளைக் கடலலையே பிரித்துக் கரையில் ஒதுக்கிவைக்கிறது. அங்கே அரசு நிறுவனம் அள்ளுகிறது. மோனசைட்டுக்குள் தோரியம் இருப்பதால் இரண்டு ஊரிலும் கதை சுகமாக இல்லை. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் மோனசைட்டைப் பிரித்த ஏஷியன் ரேர் எர்த் ஆலைக்கு எதிராக ஊர்மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது.

கிந்தாவுக்கு வந்துவிட்ட பிறகு சுண்ணாம்பு மலைகளைப் பற்றிப் பேசாமல் திரும்ப முடியாது. நம் குழுவில் பாதிப் பேருக்குக் கல்மலை என்றாலே பத்துமலைதான். அது நம் மலைக்கு நேர் எதிரான பிறப்பு. 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இளஞ்சூடான, ஆழமில்லாத, மண் கலங்காத கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடும் கூடும் படிந்து இறுகிய கல். பிறகு கிரானைட்டின் சூட்டில் வெந்ததால் சிப்பியின் உருவங்கள் பெரும்பாலும் அழிந்து, சலவைக்கல்லாக மாறத் தொடங்கியது. கிந்தாவின் சுண்ணாம்பு அதைவிடப் பலவகை வயதுடையது. ஆனால் குணம் ஒன்றே, மழைநீரில் கரையும். அதனால்தான் குகை. அதனால்தான் நாம் அங்கே முருகனை வைக்க இடம் கிடைத்தது. கிரானைட் மலையில் அப்படிப்பட்ட குகை அமையாது.

கரைவதற்கு விலையும் உண்டு. நீர் வெடிப்பு வழியே இறங்கி அறுப்பதால் சுண்ணாம்பு மலையின் பக்கங்கள் செங்குத்தாக நிற்கும், ஒருநாள் பலகையாக விழும். ஈப்போவில் குனோங் செரோ அடிவாரத்தில், கல்லுமலைக் கோயிலுக்குப் பக்கத்தில், நம்மவர்கள் மாடு வளர்த்தும் கச்சாங் பூத்தே வறுத்தும் பிழைத்துவந்தார்கள். பலரும் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். 1973 அக்டோபரில் மலையின் ஒரு பகுதி பெயர்ந்து வரிசை வீடுகளின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அதன்பின் கடலைக்காரர்கள் புந்தோங்குக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று நாம் காடியை நிறுத்தி முறுக்கும் கடலையும் வாங்கும் கம்போங் கச்சாங் பூத்தே அங்கே உண்டானது அப்படித்தான். கல்லின் குணம் தெரிந்திருந்தால் மட்டும் அந்த ஏழைகள் வேறிடம் போயிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், போக்கிடம் இருந்திருக்காது. ஆனால் மனையைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அந்த வரிசை மலைகளின் காலடியில் தொழிற்கூடங்களும் வீடுகளும் இருக்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் கோடிக்கணக்கில் பழையது. கல் பிறப்பது முடிந்துபோன காரியம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடும். அவர்களை ஜூருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நம் ஊரிலிருந்து சற்றுத் தொலைவுதான். கெராங் சிப்பி வளர்க்கும் கடலோரச் சேற்றை ஒரு குச்சியால் கிளறினால் மேலே பழுப்பு, ஒரு விரல் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த நாற்றம் ஒரு தாது பிறக்கும் நாற்றம்.

காற்று புகாத அந்தச் சேற்றில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு சுவாசிக்கின்றன. மிஞ்சுகிற கந்தகம், ஆறு கொண்டுவந்த இரும்போடு சேர்கிறது. அந்த இரும்பில் ஒரு பங்கு நம் மலையின் மைக்கா துருப்பிடித்து இறங்கியது. சேர்ந்து உண்டாவது பைரைட், பொன்னிறத்தில் மின்னி ஆளை ஏமாற்றும் அதே தாது. இங்கே தூசு மணிகளாக இருப்பதால் சேற்றைக் கறுப்பாக்குவதோடு சரி. பாக்காவ் காட்டை வெட்டி, வரப்புப் போட்டு, சேற்றை வடியவிட்டால் பைரைட்டின்மேல் காற்று படும். கந்தக அமிலம் சுரக்கும். தோட்டத்து வடிகாலில் துருநிற நீர் ஓடுவதைப் பார்த்த பழைய தோட்டத் தொழிலாளர்கள் உங்கள் குடும்பத்திலேயே இருப்பார்கள். பிறந்த இடத்தில் விட்டுவைத்தால் சாது, வெளியே இழுத்தால் எரிக்கும்.

அந்தச் சேற்றின் கரை எப்போதும் இங்கேயே இருந்ததும் இல்லை. கெப்பாலா பத்தாஸ் பக்கம் குவார் கெப்பாவில், இன்று கடலிலிருந்து தள்ளியிருக்கும் நிலத்தில், சிப்பி தின்று வாழ்ந்த மனிதர்கள் ஓடுகளைக் குன்றுகளாகக் குவித்துவைத்திருந்தார்கள். கடல் சில மீட்டர் உயர்ந்திருந்த காலம் அது. 2017-இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது, வயது சுமார் 5,700 ஆண்டு. ஓடுகளில் பெரும்பகுதியை முன்பே சுண்ணாம்பு சுட அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். விட்டுவைத்து, மண் மூடி, இன்னும் சில கோடி ஆண்டு பொறுத்திருந்தால் ஒரு சிறு சுண்ணாம்புப் பாறை கிடைத்திருக்கும்.

நண்பர்களே, என் கோரிக்கை பெரிதில்லை. எத்தனை அடி நடந்தோம், எத்தனை கலோரி எரிந்தது, உச்சியில் யார் முதல் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தே எல்லா ஞாயிறுகளும் போகின்றன. அதில் தப்பில்லை, சர்க்கரை வியாதி நம் இனத்தை விடாது துரத்துகிறது, நடக்கத்தான் வேண்டும். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு உச்சியை விட்டுவிடுவோம். படிவம் ஒன்றில் பிள்ளைகள் பாறை வகைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டு வாசலில் நிற்கும் மலை எந்த வகை என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, நாமே எரிமலை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு தொடங்கலாம் என்று நினைக்கிறேன். காலை ஏழு மணிக்குப் பூங்கா வாசலில் கூடுவோம். முதலில் ஓடைப் பாறைகள், பிறகு மெங்குண்டோர் மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்து, தார்ச்சாலை வெட்டு வரை. அதற்குமேல் ஏற வேண்டாம். பசியாறிவிட்டு, கடல் வற்றும் நேரம் பார்த்து ஜூரு. கல்வெட்டுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வோம். அது ஆலய வளாகம், அனுமதி கேட்டுப் போவதுதான் மரியாதை. பள்ளி விடுமுறையில் ஆள் சேர்ந்தால் ஈப்போ, அடுத்த ஆண்டு லங்காவி.

கொண்டுவர வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்சு, ஓர் இரும்பாணி, சிறு புட்டியில் சமையல் வினிகர். ஆணி எந்தத் தாதுவைக் கீறுகிறது, எது ஆணியையே தேய்க்கிறது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும். பெரிய பாறைகளில் வேண்டாம், உதிர்ந்து கிடக்கும் சில்லில் போதும். வினிகரைக் கிரானைட்டில் விட்டால் ஒன்றும் நடக்காது, ஜூருவில் பொறுக்கிய சிப்பி ஓட்டைப் பொடித்து அதில் விட்டால் நுரைக்கும். இந்த இரண்டையும் பார்த்த பிள்ளைக்கு ஈப்போ மலைக்கும் நம் மலைக்கும் என்ன வேறுபாடு என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்காது. சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், இது வனப் பூங்கா. சேற்றுக்குப் பழைய சப்பாத்து போட்டுக்கொள்ளவும்.

வருகிறவர்கள் குழுவில் பெயர் போடுங்கள், எத்தனை பிள்ளைகள் என்பதையும் சேர்த்து. எரிமலைக் கட்சித் தலைவருக்கு லென்சு என் செலவு. மழை பிடித்துக்கொண்டால் அடுத்த ஞாயிறு.

அன்புடன்,
உங்களோடு ஏறி, பாதியில் உட்கார்ந்துவிடும் ஒருவன்
புக்கிட் மெர்தாஜாம்